அட்டையைத் திருப்பிப் போட்டால்

“திருப்பிப் போடாத, திருப்பிப் போடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? நான் கோடு போட்டுக்கினு கீறேன், நீ பாட்டுக்கு…”

“நீங்கதான் தப்பாப் போடுறீங்க. சோத்தாங்கைக்குப் போடுங்க. அவன் எழுதறது சோத்தாங்கை, சாப்பிடறது…”

“சாப்புடறதப் பத்தி இப்ப யாரு பேசினது? கத்தி புடிக்கிறது வேற…”

“கையெழுத்துப் போடறது, சிலுவை போடறது, எல்லாமே…”

“டீச்சர், கைய எடு. தோலு மேலருந்து கைய எடு மொதல்ல.”

ஃப்ளோரா கையை எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் மேல் விரித்திருந்த பழுப்புத் தோலின்மீது ஐந்து விரலையும் பரப்பி அழுத்திக்கொண்டு நின்றாள். எதிரே அவள் கணவர் பிலிப், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பழைய பங்குக் கோயில் காலண்டரின் அட்டையில் வெட்டிய மாதிரியைப் பிடித்திருந்தார். அவர் ஒரு பக்கமாக வைப்பார். அவள் புரட்டி மறுபக்கமாக வைப்பாள். மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததிலிருந்து இதுதான் நடக்கிறது.

தோலுக்கு வழவழப்பான முகம் ஒன்று, சொரசொரப்பான முகம் ஒன்று. வழவழப்பு வெளியே தெரிய வேண்டும். அட்டையை ஒரு பக்கமாக வைத்து வெட்டி மடித்துத் தைத்தால் இடது இடுப்பில் தொங்கும் கத்தி உறை வரும். புரட்டி வைத்து வெட்டினால் வலது இடுப்புக்கு. மேலே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைப் பின்னால் மடித்துத் தைத்தால் பெல்ட் நுழைய வளையம். வெட்டிவிட்டால் அவ்வளவுதான். பிறகு தைத்து, நனைத்து, கத்தியைச் செருகி விரலால் அழுத்தி அழுத்தி உருவம் பிடிக்க வைத்து, நிழலில் இரண்டு நாள் காய விட வேண்டும். இன்று சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை விடிகாலை மாடி வீட்டு ஜொவிட்டா மகளின் பிரசவத்துக்காக கனடா கிளம்புகிறாள். அவள் பெட்டியில்தான் கத்தி போக வேண்டும்.

கத்தி முடிந்துவிட்டது. ஒரு பழைய பனியன் துணியில் சுற்றி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலையில் கனடாவில் இருக்கும் மகன் நோயலிடமிருந்து செய்தி வந்தது. அவன் பேச மாட்டான், எழுதுவான். எழுத்தில் அவனுக்குத் திக்காது. ‘அப்பா, எனக்கு ஒரு வேட்டைக் கத்தி செஞ்சு தர முடியுமா? இங்க கடையில நிறைய இருக்கு. ஆனா உங்க கையால வேணும்.’ பிலிப் அதை நான்கு முறை சத்தமாகப் படித்தார். ஐந்தாம் முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு படித்தார்.

“பதினாலு வருசம் ஆச்சு இவன் அந்த ஊருக்குப் போயி. ஒரு ஊறுகா பாட்டில் கேட்டானா? ஒரு லுங்கி கேட்டானா? இப்ப கேக்குறான் பாரு.”

“வேட்டைன்னா? மானைப் போய் அறுக்கப் போறானா?”

“ஈஸ்டருக்கு மட்டன் வாங்கியாந்தா, அறுத்தது யாருன்னா கேக்குற நீ?”

பிலிப் கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கூட வேலை செய்த இனாயத்துக்கு இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தப் பட்டறை. அங்கேயிருந்து நாலு மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒன்றை வாங்கி வந்தார். பின்பக்க பால்கனியில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸைப் பொருத்தி, ஹாக்ஸா ரம்பத்தால் அறுத்து, மூன்று வாரம் அரம் போட்டார். பறக்கும் ரயில் போகிற சத்தமும் அரம் தேய்க்கிற சத்தமும் சேர்ந்து வரும். எழுபத்திரண்டு வயதில் தோள் வலித்தது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். இனாயத்தின் உலையில் அதைச் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாமல் நழுவுகிற நேரம் பார்த்து எண்ணெயில் முக்கி எடுத்து வந்து, ஃப்ளோரா கேக் சுடுகிற ஓவனைக் கேட்டார்.

“என்னது, கத்தியை வேக வைக்கவா?”

“இப்ப இது கண்ணாடி மாரி. கீழ வுழுந்தா ரெண்டா ஒடஞ்சிரும். மெதுவா சூடு காட்டிப் பதம் எறக்கணும். ரெண்டு மணி நேரம். ஆற வெச்சி இன்னொரு ரெண்டு மணி நேரம்.”

“கிறிஸ்மஸ் கேக்குல இரும்பு வாசனை வந்தா ஃபாதருக்கு நீங்க பதில் சொல்லுங்க.”

அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். இளமஞ்சள் வைக்கோல் நிறத்தில் அது வெளியே வந்தபோது அவளும் குனிந்து பார்த்தாள். பழைய கட்டில் காலிலிருந்து அறுத்த ஈட்டி மரத்தில் பிடி போட்டு, பித்தளை ஆணி அடித்தார். பிடி இரண்டு கைக்கும் பொது. அதுவரை எந்தக் கை என்ற பேச்சே எழவில்லை.

பெரியமேட்டிலிருந்து தோல் வாங்கிக் கொடுத்த இனாயத்துதான் கேட்டார். “எந்தக் கைண்ணே? உறைக்குக் கை பாக்கணும்ல?”

“பீச்சாங்கை.” பிலிப் யோசிக்காமல் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடமும் சொன்னார்.

அங்கேதான் ஆரம்பித்தது.

வாசல் மணி அடித்தது. கையில் பெட்டி நிறுக்கும் தராசுக் கொக்கியோடு ஜொவிட்டா நின்றாள். “டீச்சர், அந்தச் சாமான் எத்தனை கிலோன்னு சொன்னீங்கன்னா பொட்டியை மூடிடுவேன். புளியை எடுக்கறதா, கருவாட்டை எடுக்கறதான்னு மேல ஒரே சண்டை.”

“கால் கிலோகூட வராது.”

“கத்தின்னு கேட்டா நான் என்ன சொல்றது? ‘ஐயா, நான் பிரசவம் பாக்கப் போறேன்’னா? கையில கத்தியோட?”

“செக்-இன் பொட்டியில வெச்சா ஒண்ணியும் கேக்க மாட்டாங்க,” என்றார் பிலிப். “கருவாட்டுக்குத்தான் புடிப்பாங்க.”

ஜொவிட்டா சிரித்துவிட்டு, மேசையைப் பார்த்தாள். அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “என்ன தகராறு?” என்றாள்.

ஃப்ளோரா சொன்னாள். இடதா வலதா.

“இதுக்கா? நெருக்கி வெட்டினா ரெண்டு வரும்போல இருக்கே. ரெண்டும் செஞ்சு அனுப்புங்க. எது வேணுமோ அதை மாட்டிக்கட்டும்.”

“வரும்,” என்றார் பிலிப். “ரெண்டு வரும். ஆனா ரெண்டு அனுப்புனா என்னா அர்த்தம்மா? பெத்தவங்களுக்குத் தெர்லன்னு அர்த்தம். பிரிச்சிப் பாக்கறப்ப அவனுக்கு அதான் மொதல்ல தெரியும்.”

ஜொவிட்டா தராசுக் கொக்கியை ஒரு விரலில் மாட்டி ஆட்டினாள். “திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள குடுத்துடுங்க அங்கிள்,” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய ஃப்ளோரா, “என்னை நம்பலேன்னா சரி. என்ன ஆதாரம் உங்ககிட்ட?” என்றாள்.

பிலிப் இதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி போனை எடுத்தார். போன மாதம் மருமகள் ஷெரில் அனுப்பிய படம். பனி படிந்த மரங்களுக்கு நடுவே நோயல் ஒரு கட்டையில் உட்கார்ந்திருக்கிறான். தாடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது. தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி. ஒரு கை படத்துக்கு வெளியே நீண்டு போனைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையில் யாரிடமோ இரவல் வாங்கிய கத்தி.

“பாரு. எந்தக் கை? பீச்சாங்கை. யாரும் சொல்லிக் குடுக்காத எடத்துல, யாரும் பாக்காத எடத்துல, அவன் கை அவனுக்குத் தானா வந்துருச்சி. எனக்கு இது போதும்.”

ஃப்ளோரா போனை வாங்கி ஜன்னலருகே எடுத்துப் போனாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மகன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தொப்பிக்கு நகர்ந்தாள்.

“தொப்பியில என்ன எழுதியிருக்கு?”

“ஏதோ கம்பெனி பேரு.”

“படிங்க.”

“கண்ணாடி இல்ல.”

“கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. எழுத்தெல்லாம் திரும்பியிருக்கு. ‘எஸ்’ஸு பாருங்க, ‘ஆர்’ பாருங்க. முப்பத்திரண்டு வருஷம் ரெண்டாங்கிளாஸ்ல எழுத்தைத் திருப்பிப் போடற பிள்ளைங்க நோட்டைத் திருத்தினவ நான். இது செல்ஃபி. முகம் பாக்கற கண்ணாடி மாதிரி எல்லாம் மாறி விழுந்திருக்கு. நீங்க பீச்சாங்கைன்னு பாக்கறது சோத்தாங்கை.”

பிலிப் போனை வாங்கித் தொப்பியைப் பார்த்தார். பனியனால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

“ஜெயிச்சிட்ட டீச்சர்.”

அட்டையை எடுத்து, தானே புரட்டி, வலது கைக்கு வரும்படி தோலின்மேல் வைத்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஆனால் கோடு போடவில்லை.

“காட்டுலகூடவா?” என்றார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. சுத்தி ஒரு ஆளு கெடையாது. பனியும் மரமும்தான் கீது. அங்க போயிகூட அவன் சோத்தாங்கையிலதான் புடிக்கிறானா? அவ்ளோ இறுக்கியா கட்டுன நீ?”

ஃப்ளோரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

நோயலுக்கு எட்டு வயது. கோயிலில் முதல் முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்க வேண்டிய வருஷம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் வரிசையில் நின்று சிலுவை அடையாளம் போடச் சொன்னபோது, அவன் இடது கையால் நெற்றியைத் தொட்டான். “பீச்சாங்கை சாமி, பீச்சாங்கை சாமி” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் மகனே இப்படியா என்று யாரோ பின்வரிசையில் சொன்னது ஃப்ளோராவின் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம், புதுநன்மை மெழுகுவத்தியில் சுற்றுவதற்கு வாங்கி வைத்திருந்த வெள்ளை ரிப்பனில் ஒரு முழம் வெட்டினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, கால்சட்டையின் பெல்ட் வளையத்தோடு சேர்த்துக் கட்டுவாள். படுக்கப் போகும்போது அவிழ்ப்பாள். ஒரு வருஷம். புதுநன்மை அன்று அவன் வலது கையால் மெழுகுவத்தி பிடித்து, வலது கையால் சிலுவை போட்டான். எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். அந்த வருஷத்துக்குள்தான் அவன் நாக்கும் தடுக்க ஆரம்பித்திருந்தது.

அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றால் ஃப்ளோரா அதை எடுத்துக் கொடுத்துவிடுவாள். வகுப்பறைப் பழக்கம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் “ந… ந…” என்று தொடங்கினால், “நல்லா இருக்கியா, சரி, ஷெரில்கிட்ட குடு” என்று அவளே முடித்துவிடுவாள்.

“ஊசி நூலு கெணக்கா ஒண்ணோட ஒண்ணு ஓடுது,” என்றார் பிலிப். “கைய கட்டுன. நாக்கும் சேந்து கட்டிக்கிச்சி.”

“டாக்டர் அப்படிச் சொன்னாரா?”

“டாக்டர் சொல்லல. நான் சொல்றேன்.”

“இத்தனை வருஷம் கழிச்சா? அன்னிக்கு வாய்ல என்ன இருந்துச்சு உங்களுக்கு?”

பிலிப் பென்சிலை மேசையில் உருட்டினார். அது தோலின் விளிம்பில் போய் நின்றது.

“ஆறு மணிக்கு நீ ஜெபமாலைக்குப் போவ. நான் ஷிஃப்ட் முடிஞ்சி வந்துருப்பேன்.”

“ஆமா. அதுக்கு?”

“அவுத்து வுடுவேன்.”

“எதை?”

“ரிப்பனை.”

கீழே தெருவில் இட்லி மாவு விற்கிறவர் மணி அடித்துக்கொண்டு போனார். ஃப்ளோரா நாற்காலியை பிலிப்புக்கு நேராகத் திருப்பிப் போட்டாள்.

“அரை மணி நேரம்தான். பீச்சாங்கையில படம் வரைவான். லாரி, கப்பலு, கோயில் மணிக்கூண்டு. என்னா வேகம் தெரியுமா அந்தக் கைக்கு? நீ கேட்டைத் தொறக்கற சத்தம் கேட்டா, நான் ஒண்ணும் சொல்ல வேணாம். அவனே கைய முதுகுக்குப் பின்னால கொண்டாந்து நீட்டுவான். நான் கட்டிருவேன். உன் முடிச்சே.”

“அந்தப் படமெல்லாம் எங்க?”

“கிழிச்சிப் போட்டுருவேன். நீ பாத்துருவன்னு.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கெழம தவிர.”

ஃப்ளோராவின் குரல் தாழ்ந்தது. “அதான் ஒரு வருஷம் ஆச்சா? என் கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்களுக்குக் கையை மாத்தியிருக்கேன், ரெண்டு மாசத்துக்கு மேல ஆனதில்ல. இவனுக்கு மட்டும் ஏன் பிடிக்கவே மாட்டேங்குதுன்னு நான் இன்னும் இறுக்கினேன். பிடிவாதம்னு நெனச்சு இறுக்கினேன். நான் கட்டக் கட்ட நீங்க அவுத்திருக்கீங்க. நீங்க அவுக்க அவுக்க நான்… அவன் எப்படிங்க தாங்கினான்?”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ இப்ப சொல்றது. இனாயத் கேட்ட அன்னிலருந்து அதான் மனசுல ஓடிக்கினு கீது. நான் நல்லது செய்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் ஃப்ளோரா.”

“அவுத்து விடறதுக்குப் பதிலா ‘கட்டாதடி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிட்ட.”

“பயம்.”

“எனக்கா பயந்தீங்க?”

“உனக்கு, கோயிலுக்கு, பக்கத்து வூட்டுக்கு. எல்லாத்துக்குந்தான். எட்டு வயசுப் பையனான்ட ‘அம்மாகிட்ட சொல்லாத’ன்னு சொல்லத்தான் எனக்கு பயம் இல்ல.”

பிலிப் எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து கத்தியை எடுத்து வந்தார். பனியன் துணியைப் பிரித்து, தோலின் ஓரமாக வைத்தார். நாலரை அங்குல அலகு. ஜன்னல் வெளிச்சம் அதில் ஒரு கோடாக ஓடியது. ஃப்ளோரா அதைத் தொடவில்லை. கவிழ்ந்து கிடந்த போனை எடுத்து மறுபடி அந்தப் படத்தைத் திறந்தாள்.

“ஏங்க.”

“ம்.”

“ஒரு கையில போன் பிடிச்சிருக்கான் இல்ல? கை எட்டி, பட்டனை அமுக்கி, ஆடாம எடுக்கணும். அதுக்குத்தானே பழகின கை வேணும்? கத்தியைச் சும்மா காட்டத்தானே பிடிச்சிருக்கான்? அதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன? அப்போ போன் பிடிச்ச கைதான் அவன் கை. அதாவது பீச்சாங்கை. இல்லையா?”

பிலிப் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் முறையாக அந்தச் சொல்லை அவள் முகம் சுளிக்காமல் சொல்லியிருந்தாள்.

“இருக்கலாம்,” என்றார்.

அவள் கையை நீட்டி அட்டையைப் புரட்டி, இடது கைக்கு வரும்படி வைத்தாள். ஓரத்தைத் தோலின் ஓரத்தோடு நேர் பார்த்தாள். வைத்த கையை எடுக்காமல், “இதுவும் தப்பா இருந்தா?” என்றாள். “நாம இதை அனுப்பி, அவன் இதைத் திறந்து பாத்து, ‘இவங்க இன்னும் அந்தக் கையைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க’ன்னு நெனச்சா? அவன் எதுவும் சொல்ல மாட்டான். மாட்டிக்குவான். எந்தப் பக்கம் குடுத்தாலும் மாட்டிக்குவான், தெரியுமா உங்களுக்கு? நாம எப்படிக் கட்டினாலும் கையை நீட்டினவன்.”

பிலிப் கத்தியை மறுபடி பனியன் துணியில் சுற்றினார்.

“மெசேஜ் போட்டுக் கேப்பமா?” என்றார் கடைசியில். “நாலு நாளா நானே டைப் அடிச்சி டைப் அடிச்சி அழிச்சிக்கினு கீறேன். ஒரு வரி. டக்குனு எழுதிருவான்.”

“வேணாம்.”

“பின்ன?”

“நான் கேக்கறேன். அவன் வாயால சொல்லட்டும்.”

“ஃப்ளோரா, அவன் உன்னான்ட…”

“தெரியுங்க. என்கிட்டதான் அவனுக்கு ரொம்ப வராது. தெரியும்.”

அங்கே விடிய வேண்டும். ஏழரை வரை காத்திருந்தார்கள். ஃப்ளோரா மேசையில் இருந்த எதையும் நகர்த்தவில்லை. இரவுச் சாப்பாட்டை இருவரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

போனை ஷெரில்தான் எடுத்தாள். “என்ன மம்மி, சனிக்கிழமையே கூப்பிடறீங்க? டாடி நல்லா இருக்காங்கல்ல?”

“நல்லா இருக்கார்மா. நோயல் இருக்கானா?”

“காபி போட்டுட்டு இருக்காங்க. என்ன விஷயம், நான் சொல்லிடறேனே?”

“இல்லம்மா. அவன்கிட்ட குடு.”

பிலிப் தோலின் விளிம்பில் கிடந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஃப்ளோரா ஸ்பீக்கரை அழுத்தி, போனைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு குவளையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு.

“ம்… ம்…”

அவள் உதடு திறந்தது. ‘அம்மாதான்’ என்று எடுத்துக் கொடுக்க வந்த சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“…ம்மா.”

“நோயல். கத்தி முடிஞ்சிருச்சுடா. அப்பா ரொம்ப அழகா செஞ்சிருக்கார். இப்ப உறை வெட்டணும். இடுப்புல இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு மத்தியானத்துலருந்து சண்டை. எங்களுக்குத் தெரியலப்பா. பெத்தவங்க, எங்களுக்கே தெரியல. அப்பா அந்த ரிப்பனைப் பத்திச் சொன்னார். இன்னிக்குத்தான் சொன்னார். அது இருக்கட்டும், அதைப் பத்திப் பேச இப்ப கூப்பிடல. உன் கை எதுன்னு மட்டும் சொல்லு. எங்களுக்காகச் சொல்லாதே. காட்டுல தனியா இருக்கும்போது எந்தக் கை போகுதோ அது.”

அந்தப் பக்கம் மூச்சு ஓர் இடத்தில் வந்து நின்றது. அந்த நிற்றல் அவளுக்குத் தெரியும். ஒரு சொல்லின் வாசலில் அவன் நிற்கிறான். தூரத்திலிருந்து ஷெரிலின் குரல் அவசரமாக வந்தது. “மம்மி, அவங்க வந்து…”

“நீ சொல்லாதேம்மா. அவன் சொல்லட்டும்.”

பிலிப்பின் கையில் பென்சில் அட்டையின் ஓரத்தைத் தொட்டபடி நின்றது. ஃப்ளோரா போனுக்கு அருகில் குனிந்தாள்.

“மெதுவா சொல்லு, கண்ணு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. அம்மா எடுத்துக் குடுக்க மாட்டேன்.”